கோச்சியில் ஏறிய ஏழு பைகள்

பை கட்டுவதற்கு எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு வீட்டை ஒரு பைக்குள் அடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ஒரு மாற்றுடை, பிள்ளைக்குப் பால்மா, தீப்பெட்டி. எது முதலில், எது கடைசியில் என்பது கைக்கே தெரியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஆறு வயது. என்னுடைய பள்ளிப் பைக்குள் அம்மா சீனிப் பேணியை வைத்துக் கட்டினார். நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை அந்தப் பேணியின் விளிம்பு முதுகெலும்பில் இடித்துக்கொண்டே வந்தது. இன்றைக்கும் முதுகில் பை ஏறினால் அந்த இடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஆகவே எங்கள் சேமிப்புக் குழுப் பெண்கள் “பை தூக்கிக்கொண்டு ஒருக்கா மலைக்குப் போய் நடப்பம்” என்று சொன்னபோது முதலில் தயங்கியவள் நான்தான்.

யோசனையைக் கொண்டு வந்தவர் தருமபுரத்து அக்கா. (பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்; அவர்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள்.) அக்கா பிறந்தது மலைநாட்டில், இதல்கஸ்ஹின்னப் புகையிரத நிலையத்துக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின், ஒன்பது வயதில், பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். அப்படி வந்த மலையகக் குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எத்தனையோ இருக்கின்றன. காடு வெட்டி, கிணறு தோண்டி, தோட்டம் செய்து, 2009இல் எல்லாரையும் போல அவர்களும் எல்லாவற்றையும் விட்டு நடந்தார்கள். எங்கள் ஊர்களில் அக்காவைப் போன்றவர்களைக் குறிக்க ஒரு சொல் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. வாசகியருக்குத் தெரியும்.

பத்து மாதம், கிழமைக்கு 200 ரூபா வீதம் தனியாகச் சேர்த்தோம். எந்த நிறுவனத்திடமும் காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் “இதனால் வாழ்வாதாரத்துக்கு என்ன பயன்?” என்று எழுதித் தரச் சொல்லியிருப்பார்கள்; எனக்கும் அதை எழுதத் தெரியும், ஆனால் பொய்யாக இருந்திருக்கும். ஊரில் கதை வராமல் இருக்கவில்லை. “தாலி இல்லாததுகளுக்கு மலை ஏறக் கேக்குதோ?” என்று சந்தியில் ஒருவர் சொன்னது அன்று பின்னேரமே எங்கள் காதுக்கு வந்தது. எட்டுப் பேராக இருந்தவர்கள் ஏழானோம்.

புறப்பட்டது 2025 மார்ச் மாதம். மலையின் அந்தப் பக்கம் மழை குறைந்து, வானம் தெளிவாக இருக்கும் காலம் அது.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை முன்பள்ளி மண்டபத்தில் பைகளைப் பரிசோதித்தோம். அனைத்தும் பிள்ளைகளின் பழைய பள்ளிப் பைகள். சிலவற்றில் உதவி நிறுவனங்களின் சின்னம் பாதி அழிந்து கிடந்தது. நான் ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன். சமூகவியல் படித்தவளுக்குப் பட்டியல் இல்லாமல் எதுவும் ஓடாது. பாரமான பொருள் முதுகோடு ஒட்டி, நடுவில் இருக்க வேண்டும். அடியில் வைத்தால் பை கீழே இழுக்கும். பைக்குள்ளே முதலில் ஒரு பெரிய பொலித்தீன் பையை விரித்து அதற்குள் உடுப்பை வைத்தால் மழைக்கும் பனிக்கும் நனையாது. கம்பளிச் சட்டை, துவாய், போத்தலில் தண்ணீர், டோர்ச் லைற், மாதவிடாய்த் துணி, சவர்க்காரம், ஜீவனி. அதற்கு மேல் வேண்டாத பாரம் எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

விசுவமடு அம்மாவின் பைக்குள் ஒரு கோப்பு இருந்தது. நான்கு விரல் தடிப்பு. மூன்று பொலித்தீன் சுற்றியிருந்தது. 2009இல் காணாமலாக்கப்பட்ட மகனின் படம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கச் சீட்டு, ஆணைக்குழுக்கள் கூப்பிட்ட கடிதங்கள், காணாமற்போனோர் அலுவலகத்தின் கடிதம். தூக்கிப் பார்த்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது.

“அம்மா, இதை மகளிட்டக் குடுத்திட்டு வாங்கோவன். நாலு நாள்தானே,” என்றேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. பைக்குள்ளிருந்து போர்வையை எடுத்து என் கையில் தந்தார். “இதை விட்டிட்டு வாறன் பிள்ளை. குளிரைத் தாங்கலாம்.”

பட்டியலை மடித்து வைத்தேன். போர்வையை இளையவள் தன் பையில் வைத்தாள். அம்மாவின் தண்ணீர்ப் போத்தலை மச்சாள்மார் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். பாணும் சீனிச்சம்பலும் என் பைக்கு வந்தன. அம்மாவின் பையில் கோப்பும் ஒரு சேலையும் மட்டும் மிஞ்சின.

தையற்காரத் தங்கச்சிக்கு வேறு பிரச்சினை. அவளுடைய இடது தோளில் ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. எடுத்தால் நரம்பு போகலாம் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். பையின் வார் சரியாக அந்த இடத்தில்தான் விழுந்தது. துவாயை மடித்து வாருக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். “பரவாயில்லை அக்கா” என்றாள். பரவாயில்லை என்ற சொல்லை எங்கள் பெண்கள் எப்படிச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

காலையில் கிளிநொச்சியில் ஏறினோம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. கிளிநொச்சிக்கு அது திரும்பி வந்தது 2013இல், யாழ்ப்பாணத்துக்கு 2014இல். எங்களில் நான்கு பேருக்கு இதுவே முதற் பயணம். கூட்டத்தில் பையை முதுகில் போட்டுக்கொண்டு திரும்பினால் பின்னால் நிற்பவரின் முகத்தில் அடிக்கும். ஏறும்போது பையை நெஞ்சுப் பக்கம் மாற்றிக் குழந்தையைப் போல அணைத்துக்கொள்ள வேண்டும். இது எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மச்சாள்மாரில் மூத்தவர் யன்னலால் கைக்குட்டையை எறிந்து இரண்டு ஆசனம் பிடித்துவிட்டார். யார் பழக்கினார்களோ!

சொல்ல வேண்டியிருந்தது தண்ணீரைப் பற்றித்தான். மலசலகூடம் எப்படி இருக்குமோ என்ற பயத்தில் ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. மதவாச்சி தாண்டும்போதே இளையவளுக்குத் தலையிடி. பயணத்தில் எங்கள் பெண்களுக்கு வருகிற தலைச்சுற்றில் பாதி இதனால்தான். இரண்டு பேராகப் போய், ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்வது என்று ஒழுங்கு செய்த பிறகுதான் போத்தல்கள் திறந்தன.

வடக்கிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் கொழும்புவரை போகத் தேவையில்லை. பொல்காவலையில் இறங்கினால் மலைநாட்டுப் பாதை அங்கேதான் பிரிகிறது. ரம்புக்கணைக்குப் பிறகு ஏற்றம். அன்றிரவு கண்டியில் கன்னியர் மடமொன்றின் விடுதியில் தங்கினோம். மறுநாள் காலை பதுளைக்குப் போகும் புகையிரதத்தில் மூன்றாம் வகுப்பு.

கண்டி நிலையத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பைகளைப் பார்த்து எங்கள் ஆட்கள் வாயடைத்துப் போனார்கள். ஆளை விடப் பை உயரம். அடியில் சுருட்டிய படுக்கை, பக்கத்தில் ஊன்றுகோல். “இதுகளும் இடம்பெயர்ந்து போகுதுகளோ?” என்று மச்சாள் கேட்க, பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா ஒருவர் எங்கள் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்தார். தையற்காரத் தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையிடம் சைகையால் கேட்டு அவளுடைய பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் பூட்டும் அகலப் பட்டியைச் சாணால் அளந்தாள். பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பு எலும்பில் வைப்பது அந்தப் பட்டிதான் என்று அந்தப் பிள்ளை நடந்து காட்டினாள். பள்ளிப் பைகளில் அது கிடையாது.

மலையகப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து பதுளைக்கு 290 கிலோமீற்றர். கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக வெள்ளையர் காலத்தில் மலையைக் குடைந்து துண்டு துண்டாக நீட்டிய பாதை அது. நானுஓயாவுக்கு 1885இல் வந்தது, அப்புத்தளைக்கு 1893இல், பதுளைக்கு 1924இல். சுரங்கங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டக் குடும்பங்களும் இந்தப் பாதையால்தான் கீழே இறங்கித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறின. தேயிலைக்குப் போட்ட தண்டவாளம் தேயிலை நட்டவர்களையும் இறக்கிவிட்டது.

நாவலப்பிட்டிக்குப் பிறகு வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. அட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம், மலைநாட்டுப் பாதையிலேயே நீளமான சுரங்கம். அங்கேதான் நான் செய்த பிழை தெரிந்தது. சுரங்கம் வரும் என்று நான் ஒருவருக்கும் சொல்லி வைக்கவில்லை. திடீரென்று இருட்டு. டீசல் புகை. அடுத்த பெட்டிகளில் இளைஞர்கள் “ஊ” என்று கத்தத் தொடங்கினார்கள். அது அவர்களுக்கு விளையாட்டு. ஒவ்வொரு சுரங்கத்திலும் கத்துவார்கள். ஆனால் இருட்டுக்குள் மண் மணமும் ஓலமும் சேர்ந்து வந்தால் எங்கள் பெண்களுக்கு அது வேறு. வெளிச்சம் வந்தபோது இளையவள் ஆசனத்துக்குக் கீழே குந்தியிருந்தாள். அம்மா பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தார். தையற்காரத் தங்கச்சியின் விரல்கள் என் கையில் பதிந்து போயிருந்தன.

மன்னிப்புக் கேட்டேன். என்ன கேட்டும் என்ன?

அதன் பிறகு பொறுப்பைத் தருமபுரத்து அக்கா எடுத்துக்கொண்டார். யன்னலோரம் போய் இருந்து, வளைவுகளைப் பார்த்து, “இந்தா இருட்டு வருது, சின்னது. பத்து எண்ணுங்க” என்பார். எல்லாரும் எண்ணுவோம். “இது கொஞ்சம் பெருசு. முப்பது.” நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன் பார்த்த பாதை. உண்மையாகவே நினைவிருந்ததா, தலையை நீட்டிப் பார்த்துச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. நானுஓயா வருவதற்குள் இளையவள் எண்ணிக்கை பிழைத்தால் அக்காவுடன் சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அக்காவின் பேச்சும் மாறிக்கொண்டே போனது. கிளிநொச்சியில் “வாறன், போறன்” என்றவர், தலவாக்கலைக்குப் பிறகு “வாங்க, பாருங்க, அங்க தெரியுது பாருங்க” என்று தோட்டத்துத் தமிழுக்குப் போய்விட்டார். மச்சாள்மார் அதைக் கவனித்தார்கள். நான் மேலே எழுதாமல் விட்ட சொல்லை அவர்கள் ஊரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் அக்காவிடம் ஒவ்வொரு மலைக்கும் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

பட்டிப்பொல நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம். 1890 மீற்றருக்குச் சற்று மேல். அதற்கும் ஓஹியவுக்கும் இடையில் பாதை முகட்டைக் கடந்து ஊவாவுக்குள் இறங்குகிறது. சுரங்கத்தின் இந்தப் பக்கம் மூடுபனி, அந்தப் பக்கம் வெயில். பிறகு அடுத்தடுத்துச் சுரங்கங்கள், எண்ணி முடியவில்லை. இதல்கஸ்ஹின்ன நிலையத்தில் வண்டி நின்றபோது அக்கா எழுந்து நின்றார். ஆனால் எங்கள் தங்குமிடம் அடுத்த நிலையமான அப்புத்தளையில். “நாளைக்கு அக்கா,” என்றேன். வண்டி நகர்ந்த பிறகும் அவர் நின்றுகொண்டுதான் வந்தார்.

அப்புத்தளை இரவுக் குளிர் வன்னியில் பழகியவர்களுக்குப் பொல்லாதது. போர்வைகளை விரித்து, ஏழு பேரும் இரண்டு அறையில் நெருங்கிப் படுத்தோம். அம்மா கோப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரு நிலையம் திரும்பிப் போய் இதல்கஸ்ஹின்னவில் இறங்கினோம். அங்கிருந்து அப்புத்தளைக்கு நடை. மேட்டில் ஏறித் தேயிலைக்குள்ளாலும், பிறகு தங்கமலைக் காட்டின் ஓரமாகவும் வரும் பாதை. பத்துக் கிலோமீற்றருக்கு உட்பட்டது. 2023இல் திறக்கப்பட்ட பீக்கோ நடைபாதை இந்தப் பக்கத்தாலும் போகிறது. கண்டிப் பக்கத்தில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் அந்தப் பாதை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகள். அது புதிதாக வெட்டிய பாதையல்ல. தோட்டத்துச் சனங்கள் நூறு, நூற்றைம்பது வருடமாகக் கொழுந்து சுமந்த வழிகளையே இணைத்திருக்கிறார்கள். இன்னொன்று: தண்டவாளத்தில் நடந்து போவது அங்கே பலருக்கு வழக்கம். நீங்கள் செய்ய வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். சுரங்கத்துக்குள் வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை.

முதலில் அக்காவின் லயத்தைத் தேடி நிலையத்துக்குக் கீழே இறங்கினோம். லயம் இல்லை. அது இருந்த மட்டத்தில் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. இரண்டு கற்படிகள், ஒரு சுவரின் அடி, பக்கத்தில் பீலி. பீலியில் மட்டும் தண்ணீர் அன்றைக்கும் விழுந்துகொண்டிருந்தது. அக்கா கையேந்திக் குடித்தார். முகத்தைக் கழுவினார். பிறகு எங்கள் எல்லாருடைய போத்தல்களையும் வாங்கி ஒவ்வொன்றாக நிரப்பித் தந்தார். காய்ச்சாத தண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடித்தோம்.

மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டு கூப்பிட்டார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இடுப்பில் படங்கு கட்டி, தலைக்கயிற்றில் சாக்குத் தொங்க, இறங்கி வந்தார். “எங்கேருந்து வாறீங்க?” கிளிநொச்சி என்றதும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “அங்கதானே சண்டை. பொழச்சிட்டீங்களா?” அவ்வளவு நேராக எங்களிடம் யாரும் கேட்டதில்லை. “பிழைச்சிட்டம்,” என்றார் அம்மா.

அக்கா தகப்பனின் பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. “அந்த லயத்து ஆளுங்க எல்லாம் இந்தியாவுக்குப் போயிட்டாங்கன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க.”

“நாங்க போகல்ல,” என்றார் அக்கா. “வன்னிக்குத்தான் போனம்.”

இந்தப் பேச்சுக்கிடையிலும் அந்தப் பெண்ணின் கண் தையற்காரத் தங்கச்சியின் பையில்தான் இருந்தது. அவள் ஒரு பக்கம் சரிந்து, இடது வாரைக் கையால் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். “என்ன இப்பிடி மாட்டியிருக்கீங்க? சும மேல இருக்கணும். கீழ தொங்குனா இடுப்ப ஒடிச்சிரும்.” தோளில் துண்டு இருப்பதைச் சொன்னோம். ஒரு கணம் யோசித்தார். தங்கச்சியின் சால்வையை வாங்கி, அகலமாக மடித்து, பையின் மேற்பிடிக்குள்ளால் விட்டு முடிந்து, நெற்றிக்கு மேலே தலையில் போட்டார். வார்களைத் தளர்த்தி விட்டார். “இப்ப நடங்க. கழுத்த நேரா வச்சுக்கங்க. குனியாதீங்க.”

நடந்தாள். திரும்பி வந்தாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள். வார் தோளில் பட்டும் படாமலும் கிடந்தது.

“எங்க பாட்டி காலத்துலேருந்து இப்பிடித்தான். எங்களுக்கு வேற என்ன தெரியும்?” என்றார் அந்தப் பெண். அவருக்குத் தெரிந்ததை அறியாமல் நான் பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அப்போது அவருடைய நாட்சம்பளம் அடிப்படை 1350 ரூபா. கங்காணி கேட்ட அளவு கொழுந்து நிறையாவிட்டால் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். எங்களோடு நின்ற நேரம் அந்த அளவில் குறையும் என்பது நினைவுக்கு வந்ததும் நாங்கள் அவசரமாக விடைபெற்றோம். அக்கா தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார்.

மீதி நடையைப் பற்றி அதிகம் இல்லை. ஏறும்போது அடிக்கடி நின்றோம். வழக்கமாக நடப்பவர்கள் மூன்று மணித்தியாலத்தில் முடிப்பார்களாம். நாங்கள் ஐந்தரை எடுத்தோம். காட்டு நிழலில் மச்சாளின் காலில் ஓர் அட்டை ஏற, அவர் போட்ட சத்தத்தில் சுரங்கத்து இளைஞர்கள் தோற்றார்கள். சவர்க்காரத்தைத் தேய்த்ததும் விழுந்தது. யாரும் எங்களை விரட்டவில்லை என்பது கொஞ்ச நேரம் ஒரு குறையைப் போலவே இருந்தது. இளையவள் சும்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். “என்ன?” என்றேன். “ஒண்டுமில்லை அக்கா. பின்னால ஒருத்தரும் வரேல்லை.”

முகட்டில் இரண்டு பக்கமும் தெரிந்தது. வடக்கே வெலிமடைப் பக்கத்து வயல்கள், படிபடியாக. தெற்கே நிலம் சரிந்து சரிந்து சமவெளியாகி, வெகு தூரத்தில் வெள்ளித் தகடு போல ஒரு நீர்ப்பரப்பு, உடவளவை. அதற்கு அப்பால் கலங்கலாக ஒரு கோடு. கடல் என்றார் அக்கா. அங்கே இருந்து பாணும் சீனிச்சம்பலும் சாப்பிட்டோம். அம்மா கோப்பை மடியில் வைத்து, அதன் மேல் பாணை வைத்துச் சாப்பிட்டார். பிறகு பொலித்தீனைத் துடைத்தார். படத்தை வெளியே எடுப்பாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. “நல்ல காத்து,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அவன் ஏ.எல்.லுக்குப் பூமிசாஸ்திரம் எடுத்தவன்,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இறக்கத்தில், 1931இல் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டி, இப்போது பெனடிக்ற் துறவிகள் வாழும் அடிசம் கல் மாளிகையைத் தாண்டி, பிற்பகல் மூன்று மணியளவில் அப்புத்தளைக்கு வந்து சேர்ந்தோம். நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வடையும் பிளேன்ரீயும். தையற்காரத் தங்கச்சி தலையிலிருந்து சால்வையை இறக்காமலேயே குடித்தாள்.

ஊருக்கு வந்து மூன்று கிழமைக்குள் அவள் ஒரு பை தைத்தாள். பழைய கூடாரத் துணி. இடுப்புக்கு அகலப் பட்டி. மேற்பிடிக்குள்ளால் தலைப்பட்டி மாட்ட ஒரு வளையம். முதற்பையில் பட்டியின் தையல் ஒரு கிழமையில் விட்டுப் போனது. இரண்டாவது நிற்கிறது. கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் கான் சுமக்கிற பெண்கள் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்து லயங்களை மூடியது. நாங்கள் எண்ணி எண்ணிக் கடந்த புகையிரதப் பாதையும் பல இடங்களில் உடைந்து அள்ளுண்டு போனது. போக நினைக்கும் சகோதரிகள் வண்டி எதுவரை ஓடுகிறது, எந்த மலையில் ஏற விடுகிறார்கள் என்பதை முதலே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

அந்த நாட்களில் தருமபுரத்திலும் வெள்ளம். முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு அக்கா அந்த இலக்கத்துக்கு இரண்டு நாள் அழைத்தார். மணி போகவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண் எடுத்தார். அவர்களுடைய லயத்தில் மண் விழவில்லை; ஆனால் மேல்மலை வெடித்திருக்கிறது என்று இரவோடிரவாக எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் சுகம். மாமியாரைக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்களாம்.

“என்ன எடுத்துக்கிட்டு வந்தீங்க?” என்று அக்கா கேட்டிருக்கிறார்.

ஐடென்றி காட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எவ். புத்தகம், ஒரு போர்வை. எல்லாம் கொழுந்துச் சாக்கில், தலைக்கயிற்றில்.

அக்கா பக்கத்தில் நின்ற விசுவமடு அம்மாவிடம் அதை அப்படியே சொன்னார். அம்மா தொலைபேசியை வாங்கி, “பிள்ளை, கடுதாசியளைப் பொலித்தீனில சுத்தினனீங்களோ?” என்று கேட்டார். “மூண்டு சுத்துச் சுத்துங்கோ. ஒண்டு காணாது.”